பெயர் மட்டும்

இராஜபாளையம்
18 ஜூன் 2025

செல்விக்கு,

'கர்த்தருக்குள் அன்பான' என்று தொடங்கிவிட்டு அந்தத் தாளைக் கசக்கிப் போட்டேன். அது அம்மா கடிதம் எழுதும் முறை. என்னுடைய முறை எது என்று யோசித்தால், நான் இதுவரை யாருக்கும் கடிதமே எழுதியதில்லை என்று தெரிகிறது.

உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டாய். வாட்ஸப்பில் உன் படமும் தெரியவில்லை. போன சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தேன். உங்கள் வாசலில் உன் அம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் குடத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். குடம் நிறைந்து வழிந்தது. நான் குழாயை அடைத்துவிட்டுத் திரும்பி பஸ் ஏறினேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் பெண்கள் மட்டும் வட்டமாக உட்கார்ந்து ஜெபிப்போம் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொருவரும் ஒரு ஜெபக்குறிப்பு சொல்ல வேண்டும். எனக்கு அந்த வட்டமே பயம். என் முறை நெருங்க நெருங்கக் கை வேர்க்கும். அன்றைக்கு "உனக்கு ஒண்ணுமே இல்லையாம்மா?" என்று ஜெபக்கனி அக்கா கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. உன் பெயர் வந்தது. உனக்கு வலிப்பு இருப்பதும், நீ மாத்திரை சாப்பிடுவதும், ஸ்கூல் திறந்துவிட்டதே, சின்னப் பிள்ளைகள் நடுவில் உனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று நான் பயப்படுவதும், எல்லாமே வந்துவிட்டது. சொல்லும்போது எனக்கு அழுகைகூட வந்தது. எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். என் முறை நல்லபடியாக முடிந்தது என்று நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

ஜெபக்கனி அக்காவின் பேரன் உன் ஸ்கூலில் படிக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அவளும் கெட்ட எண்ணத்தில் பேசியிருக்க மாட்டாள்.

ஜெபத்துக்காகத்தான் சொன்னேன் செல்வி. உன்னை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று நம் காலேஜ் அனுசியா சொன்னாள். நான் வந்து தலைமை ஆசிரியையிடம் பேசட்டுமா?

பிரிசி


ஸ்ரீவில்லிபுத்தூர்
26 ஜூன் 2025

பிரிஸ்கில்லா,

பதில் போடக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தை ரெண்டு நாள் பிரிக்காமல் பீரோ மேலே போட்டு வைத்திருந்தேன். அதற்கு முன்னால் அது ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் அரை மணி நேரம். தபாலுக்கு மட்டும் எம்புட்டுத் தூரமோ.

நீ ஒண்ணும் வந்து பேச வேண்டாம். பேசினது போதும்.

என்ன நடந்தது என்று அனுசியா பாதிதான் சொல்லியிருப்பாள். மீதியை நான் சொல்கிறேன். எல்.கே.ஜி. பிள்ளைகள் கிளிக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். போனால் மூணு அம்மாமார் நிற்கிறார்கள். "டீச்சருக்கு ஏதோ சீக்காமே. பிள்ளைய தூக்கிட்டு நிக்கும்போது விழுந்துட்டா யாரு பொறுப்பு?" தலைமை ஆசிரியைக்கு என் விஷயம் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னேன். "அது நமக்குள்ள இருக்கட்டும்மா" என்று சொன்ன மகராசி, அந்த மூணு பேர் முன்னாடி என்னைத் திரும்பிப் பார்த்து "அப்படியா செல்வி?" என்று கேட்டாள். அந்த 'அப்படியா' இருக்கிறதே, அதற்குப் பதிலாக என்னை அறைந்திருக்கலாம்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். சொல்லி அனுப்புவார்களாம்.

காலேஜ் பஸ்ஸில் எனக்கு வந்தபோது என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் கிட்டே வரவிடாமல், உன் துப்பட்டாவால் என் வாயைத் துடைத்தாய். யாரிடமும் மூச்சு விடவில்லை. அதுவும் நீதான். அதனால்தான் ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது. வேறொருத்தி என்றால் ரெண்டு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பேன்.

ஜெபத்துக்காகத்தான் சொன்னாயாம். யார்ட்ட ஏட்டி சொன்ன? உங்க சாமிக்கு என்னைத் தெரியாதா? இத்தனை பேரை வட்டமாக உட்கார வைத்துச் சொன்னால்தான் அவருக்குக் காது கேட்குமா? தனியாக அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வழியே இல்லையா? நிசமாகவே கேட்கிறேன். உனக்கு உங்க சாமியைத் தெரியுமா, இல்லை ஜெபக்கனி அக்காவை மட்டும்தான் தெரியுமா?

பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் போஸ்ட் கார்டில் எழுதித் தொலைக்காதே. தபால்காரரும் எனக்காக ஜெபிக்க ஆரம்பித்துவிடுவார்.

பாண்டிசெல்வி


இராஜபாளையம்
9 ஜூலை 2025

செல்வி,

எழுத வேண்டாம் என்றாய். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. அதை எத்தனை தடவை எழுதினாலும் உன் வகுப்பு திரும்பி வராது. நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய், அதற்குத்தான் எழுதுகிறேன்.

தெரியாது.

நான் பிறந்ததிலிருந்து சபைக்குப் போகிறேன். பாட்டெல்லாம் மனப்பாடம். வேத வினாப் போட்டியில் எவர்சில்வர் டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனால் அவரிடம் நான் தனியாக ஒன்றும் பேசியதில்லை. எங்கள் வீட்டில் ஜெபிப்பது அம்மாவின் வேலை. அப்பா மில்லுக்குப் போவார், நான் படிப்பேன், அம்மா எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஜெபிப்பாள். பரீட்சை என்றால் அம்மாவிடம் சொல்வேன், அம்மா அவரிடம் சொல்வாள். "ஆண்டவர் எங்கிட்டச் சொன்னாரு" என்று அம்மா காலையில் காபி ஆற்றிக்கொண்டே சொல்லும்போது, பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டுப் போனதைப் போல இருக்கும். சின்ன வயதில் பொறாமையாக இருந்தது. எனக்கு ஏன் ஒன்றும் சொல்வதில்லை என்று. பிறகு அது பழகிவிட்டது.

உன் கேள்வி வந்த பிறகு தனியாக ஜெபித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்க வேண்டும் என்று எங்கள் வேதத்தில் சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது ஓர் அறை, ஓர் அடுப்படி. சாத்துவதற்கு இருக்கிற ஒரே கதவு குளியலறைக் கதவு. அதற்கும் கொண்டி கிடையாது. தண்ணீர் வாளியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். சிரிக்காதே. இல்லை, சிரித்தால் பரவாயில்லை.

"அன்பின் பரம பிதாவே, இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தேன். அது அம்மாவின் ஜெபம். வார்த்தை மட்டும் இல்லை. ஸ்தோத்திரம் சொல்கிற இடத்தில் அம்மா ஒரு மூச்சு வாங்குவாள், அதே இடத்தில் நானும் மூச்சு வாங்கினேன். எனக்குப் பயமாகப் போய்விட்டது. நான் பேசினால் அம்மா குரல்தான் வருகிறது. அந்த வார்த்தைகளை எல்லாம் விட்டுவிட்டால் பேச எனக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து அம்மா, "ஏட்டி, உள்ள என்ன செய்யுத? தண்ணி நிக்கப்போகுது, மோட்டார் போடணும்" என்று கதவைத் தள்ளினாள். வாளி சாய்ந்து என் பாவாடையெல்லாம் ஈரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செப்டம்பரில் எனக்கு ஞானஸ்நானம். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் சபை முன்பு நின்று சாட்சி சொல்ல வேண்டும். அவர் எனக்கு என்ன செய்தார், எப்படி அவரை அறிந்தேன் என்று என் வாயால் சொல்ல வேண்டும். சாட்சி இல்லாமல் இறக்க மாட்டார்கள். அம்மா வெள்ளைத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்துவிட்டாள். நீ கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் கேட்கப் போகிறார்கள். அவர்களிடம் 'தெரியாது' என்று சொல்ல முடியாது.

உன் ஸ்கூலிலிருந்து ஏதாவது சொன்னார்களா?

பிரிசி


ஸ்ரீவில்லிபுத்தூர்
30 ஜூலை 2025

பிரிசி,

வாளி சாய்ந்தது வரைக்கும் வாசித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். பொறவு நான் கோபமாக இருக்கிறது ஞாபகம் வந்தது. கோபம் அப்படியே இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கூலிலிருந்து யாரும் சொல்லி அனுப்பவில்லை. நானே மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். மூணு வருஷமாக ஒண்ணும் வரவில்லை, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் பாடம் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அதைத் தலைமை ஆசிரியையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பேரண்ட்ஸ் என்ன சொல்லுவாங்கன்னு தெரியலையே" என்று இழுக்கிறாள். அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம் இருக்கிறதாம். பார்ப்போம் என்றாள். நானும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று முன்தினம் ஆடிப்பூரத் தேர். ஊரே தெருவில் நின்றது. கூமாப்பட்டி, வத்திராயிருப்பு என்று எங்க சொந்தக்காரர்கள் அம்புட்டுப் பேரும் எங்க வீட்டில்தான் சாப்பாடு. 'பிள்ளை ஏன் வேலைக்குப் போகலை' என்று ஆளுக்கொரு தடவை கேட்டார்கள். அம்மா ஒவ்வொருத்தரிடமும் ஒவ்வொரு பொய் சொன்னாள். கடைசியில் எந்தப் பொய்யை யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கே மறந்துவிட்டது.

உனக்கு ஒண்ணு சொல்கிறேன். உன் மதத்து விஷயத்தில் எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனால் நான் ஆண்டாள்ட்ட தனியாகத்தான் பேசுவேன். அதற்கு அறையெல்லாம் தேடினதில்லை. வரிசையில் முன்னாடி ஒருத்தி, பின்னாடி ஒருத்தி இடித்துக்கொண்டு நிற்பார்கள். என் பேச்சு எனக்கு, அவளுக்கு. மாலையைத் தான் போட்டு அழகு பார்த்துவிட்டுப் பெருமாளுக்குக் கொடுத்தவள், அவளிடம் நான் என்ன மரியாதை பார்க்க? இந்தத் தடவை ஒண்ணும் கேட்கவில்லை, சண்டைதான் போட்டேன். உன்னைப் பற்றியும் ரெண்டு வார்த்தை. நல்லதாக இல்லை.

உங்கம்மா குரல் வருதென்றால் உங்கம்மா இல்லாத இடத்துக்குப் போய்ப் பேசிப் பாரேன். குளியலறைதான் உங்க சாமிக்குப் பிடித்த இடம் என்று யார் சொன்னது?

செல்வி


இராஜபாளையம்
12 ஆகஸ்ட் 2025

செல்வி,

இடம் கிடைத்துவிட்டது. நீ நம்ப மாட்டாய்.

எங்கள் மில் ஆபீஸில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ கிண்டல் செய்வாயே, அந்த வேலையில் ஒரு பகுதி, தினமும் ரெண்டு தடவை ஸ்பின்னிங் ஷெட்டுக்குள் போய் ஒவ்வொரு மிஷினிலும் உள்ள மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவது. உள்ளே போனால் காது அடைத்துவிடும். அத்தனை மிஷினும் ஒரே நேரத்தில் ஓடும். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அங்கே வேலை செய்கிறவர்கள் கையாலும் வாயசைப்பாலும்தான் பேசிக்கொள்வார்கள். பஞ்சு பறந்து புருவத்தில் ஒட்டும். நான் எப்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் எழுதிவிட்டு ஓடி வருவேன்.

போன வாரம் நடு வரிசையில் நிற்கும்போது, நான் பேசினால் எனக்கே கேட்காதே என்று தோன்றியது. பேசிப் பார்த்தேன். முதலில் மெதுவாக. பிறகு வாய்விட்டு. பிறகு கத்தியே. கேட்கவில்லை. செல்வி, இத்தனை வயதுக்கு நான் சத்தமாகப் பேசியதே இல்லை, தெரியுமா? காலேஜில் ரோல் நம்பர் சொல்லும்போதுகூட நீ எனக்காக 'எஸ் மேம்' சொல்லியிருக்கிறாய். அங்கே, நாலு பக்கமும் ஆள் நிற்கிற இடத்தில், கதவு சாத்தியதைப் போல இருந்தது.

என்ன குரல் வந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கவில்லையே. ஆனால் அம்மா மூச்சு வாங்கும் இடம் வரவில்லை. ஸ்தோத்திரம் வரவில்லை. நாம் பஸ்ஸில் பேசுவதைப் போலத்தான் வந்தது. "நான் ஒரு காரியம் செஞ்சிட்டேன்" என்று ஆரம்பித்தேன். பிறகு சொன்னதை எழுதப்போவதில்லை. உன்னிடம் மறைப்பதற்காக இல்லை. முதல்முறையாக அவருக்கும் எனக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, அதை அப்படியே வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

உன்னைப் பற்றிப் பேசலாமா என்று தயங்கினேன். மறுபடியும் உன் விஷயத்தை எடுக்க எனக்கு உரிமை இல்லை, அவரிடம்கூட. அதனால் உன் பெயரை மட்டும் சொன்னேன். பாண்டிசெல்வி என்று. வேறு ஒன்றும் சொல்லவில்லை. விவரம் அவருக்குத் தெரியும்.

அவர் பதில் சொன்னாரா என்று கேட்பாய். இல்லை. அம்மாவுக்கு வருவதைப் போல எனக்கு ஒரு வசனமும் வரவில்லை, குரலும் வரவில்லை. ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் கண்ணை மூடியிருந்தாலும் தூங்கவில்லை என்று நமக்குத் தெரியுமே, அப்படி இருந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் சொன்னால் பொய்.

வெள்ளத்தாய் அக்கா என்று ஒருவர் அந்த வரிசையில் நூல் அறுந்தால் இணைக்கிற வேலை பார்க்கிறார். நான் வெளியே வந்ததும் பின்னாலேயே வந்து, "என்னம்மா, கணக்குப் பிள்ளை பாட்டுப் படிச்சியா? வாய் அசைஞ்சுதே" என்றார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "படி, படி. இந்த ஷெட்டுக்குள்ள எல்லாரும் யார்ட்டயாவது பேசிக்கிட்டுத்தான் நிக்கோம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கூட்டம் எப்போது?

பிரிசி


ஸ்ரீவில்லிபுத்தூர்
2 செப்டம்பர் 2025

பிரிஸ்கில்லா,

நல்ல சேதி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். இன்றைக்குச் சாயங்காலம் ஸ்கூல் கேட்டில் நடந்ததில் எல்லாம் மாறிவிட்டது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

போன மாதக் கடைசியில் கூட்டம் நடந்தது. நான் போக வேண்டியதில்லை என்றார்கள். போனேன். தலைமை ஆசிரியை ஃபீஸ், யூனிஃபார்ம் என்று பேசி முடித்ததும் நானே எழுந்தேன். "எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுகிறேன். மூணு வருஷமாக வரவில்லை. வந்தால் என்ன செய்யணும் என்று ஆயாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இதை நான் மேடத்திடம் சேர்ந்த அன்றே சொன்னேன்" என்றேன். மேடம் மின்விசிறியைப் பார்த்தாள். காலெல்லாம் நடுங்கியது பிரிசி. விழுந்துவிடுவேனோ என்று பயம் வேறு. அன்றைக்கு விழுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஒரு அப்பா, லாரி ஓட்டுகிறவர், "எனக்கும் சுகர் இருக்கு, நான் வண்டி ஓட்டலையா? டீச்சர் வரட்டும்" என்றார். ரெண்டு பேர் முணுமுணுத்தார்கள். மற்றவர்கள் சரி என்றார்கள். நேற்றிலிருந்து வகுப்புக்குப் போகிறேன். பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் செய்த முதல் காரியம், நான் இல்லாதபோது யார் யாரைக் கடித்தார்கள் என்று புகார் சொன்னதுதான்.

இது நல்ல சேதி.

இன்றைக்கு உன் ஜெபக்கனி அக்காவின் மகள் கேட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், உங்களுக்காக எங்கம்மா சபையில அம்புட்டுப் பேரும் ஜெபிச்சாங்க. கேட்டது கெடச்சிருச்சு பாத்தீங்களா! உங்க பிரண்டு ஞானஸ்நானத்துல இதைத்தான் சாட்சியாச் சொல்லப் போறாங்களாம். நீங்களும் வாங்க." பக்கத்தில் நின்ற ரெண்டு அம்மாமார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றது நான். கால் நடுங்கியது எனக்கு. உங்க சாமி எனக்கு உதவி செய்திருந்தால் செய்திருக்கட்டும், அதை நான் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அது என் வாயால் நான் சொல்ல வேண்டிய கதை. முதல் தடவை என் சீக்கை எடுத்துக்கொண்டு போனாய். இப்போது நான் சீக்கைச் சொல்லி மீண்டதையும் எடுத்துக்கொண்டு போகப் போகிறாயா?

பெயர் மட்டும் சொன்னேன் என்று எழுதினாயே. நம்பினேன்.

14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ அங்கே என்ன சொல்கிறாய் என்று எனக்கு எப்படியும் தெரிந்துவிடும். ஜெபக்கனி அக்கா பேரன் என் வகுப்பில்தான் இருக்கிறான்.

பாண்டிசெல்வி


இராஜபாளையம்
16 செப்டம்பர் 2025

செல்வி,

ஞாயிற்றுக்கிழமைக்குள் உனக்குப் பதில் எழுதியிருக்கலாம். 'சொல்ல மாட்டேன்' என்று எழுதிவிட்டு, அங்கே போய்ப் பயத்தில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. என்னை எனக்குத் தெரியும்.

நான் யாரிடமும் அப்படிச் சொல்வதாகச் சொல்லவில்லை. கூட்டத்தில் உன்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்த செய்தி வந்ததும் அம்மாதான் சபையில் சொன்னாள். எல்லோரும் அழுதார்கள், துதித்தார்கள். "இதைவிட நல்ல சாட்சி உனக்கு என்ன வேணும்?" என்றார்கள். அம்மா கண்ணில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்பதுதான் அவளுக்கு. நான் வழக்கம்போலப் பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்தால் அது சம்மதம் ஆகிவிடுகிறது. அது என் தப்புதான்.

ஞானஸ்நானம் சேத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில். பம்புசெட் தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். ஆறு பேர் இறங்குவதாக இருந்தது. எல்லோரும் வெள்ளை உடுத்தி வரிசையாக நின்றோம். ஆளுக்கு ஒரு சாட்சி சொல்லிவிட்டு இறங்கினார்கள். என் முறை வந்தது. அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்த நாளைப் போலவே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எட்வின் பாஸ்டர், "சொல்லும்மா" என்றார்.

"எனக்கு அவரை அதிகமாகத் தெரியாது. இப்போ கொஞ்ச நாளாத் தனியாப் பேசுறேன். அவர் கேக்குறார்னு நினைக்கேன்" என்று சொன்னேன். இவ்வளவுதான் இருந்தது என்னிடம்.

எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு தென்னை மட்டை விழுந்தது. "அந்தப் பிள்ளை விஷயத்தைச் சொல்லு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். நான் இல்லை என்று தலையாட்டினேன். ஜெபக்கனி அக்கா எழுந்தாள். "பிள்ளைக்குக் கூச்சம் ஐயா. நான் சொல்றேன். இவ பிரண்டு ஒருத்தி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல டீச்சரா இருக்கா, அவளுக்கு" என்று ஆரம்பித்தாள்.

"வேண்டாம் அக்கா!"

செல்வி, ஷெட்டுக்குள் பேசுகிற சத்தத்தில் வந்துவிட்டது. பம்புசெட் நின்றிருந்தது. தோப்பு முழுக்கக் கேட்டது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை, அதே சத்தத்தில்தான் மீதியும் வந்தது. "அது அவளோடது. எனக்கும் சொல்ல உரிமை இல்ல, உங்களுக்கும் இல்ல. ஒரு தடவை நான் சொன்னதே பாவம்."

ஜெபக்கனி அக்கா உட்கார்ந்துவிட்டாள். பாவம், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. போகும்போது அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், கத்தியதற்கு மட்டும்.

பாஸ்டர் கோபப்படவில்லை. "சாட்சின்னா சபைக்குப் புரியணும்மா. இன்னும் கொஞ்ச நாள் காத்திருப்போமா?" என்றார். சரி ஐயா என்றேன். மற்றவர்கள் தண்ணீரிலிருந்து ஏறும்போது நான் துண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். என் வெள்ளைத் துணி நனையவே இல்லை.

அவமானமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் இருந்தது. ஆனால் துண்டு கொடுத்துக்கொண்டே மனசுக்குள், "பாத்தீங்கல்ல?" என்று கேட்டேன். யாரிடம் கேட்கிறேன் என்று யோசிக்காமலே கேட்டுவிட்டேன். பிறகுதான், நான் அவரோடு பேசுவதற்கு ஷெட் தேவைப்படவில்லை என்று கவனித்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். மில் கேட் தாண்டியதும் திடீரென்று, "தனியாப் பேசுறேன்னியே, எங்க வச்சுப் பேசுத?" என்று கேட்டாள். ஷெட்டில் என்றேன். "அந்தச் சத்தத்துலயா?" என்றாள். பிறகு ரெண்டு ஸ்டாப் போனது. ரொம்ப மெதுவாக, "என்னையப் பத்தி ஏதும் சொல்லுவியா?" என்றாள். "அதைச் சொல்ல மாட்டேன்" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். எங்களுக்காகவெல்லாம் சத்தமாக ஜெபிக்கிற அம்மா, தனக்கென்று யாரிடம் பேசுவாள் என்று நான் இதுவரை யோசித்ததே இல்லை.

நீ இந்தக் கடிதத்துக்குப் பதில் போட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிரிசி


ஸ்ரீவில்லிபுத்தூர்
25 செப்டம்பர் 2025

பிரிசி,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் அந்தப் பொடியன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "டீச்சர், எங்க பாட்டிய ஒரு அக்கா கத்திட்டாங்க" என்றான். எந்த அக்கா என்று கேட்டேன். "பேசவே மாட்டாங்கள்ல, அந்த அக்கா" என்றான். கத்தினது நீதானா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் தாத்தா வேறு சொன்னாராம், தென்னை மரத்தில் இருந்த காக்காயெல்லாம் பறந்துவிட்டது என்று.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாசிக்காமல் விட்டால் 'என்ன எழுதியிருக்கா' என்று அரிப்பாள். எல்லாம் கேட்டுவிட்டு, "அன்னைக்குக் குழாயை அடைச்சவ குடத்தையும் தூக்கி உள்ள வச்சிட்டுப் போயிருக்கலாம்ல" என்றாள். எங்க வீட்டில் மன்னிப்பு என்றால் இப்படித்தான் இருக்கும். தெரிந்துகொள்.

துணி நனையாததற்கு வருத்தப்படாதே. அந்த வெள்ளையை மடித்து வை. நீ இறங்கும்போது நான் வருகிறேன். வந்து என்ன செய்யணும் என்று எனக்குத் தெரியாது. துண்டு பிடிக்கிறேன்.

போனில் உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் நீ எழுது. போனில் நீ பேசினால் பாதி 'ம்' தான் வரும். கடிதத்தில் ஆள் வேறு மாதிரி இருக்கிறாய்.

ஒரு விஷயம். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும். நாளைக்கு நானும் அவளும் மதுரைக்குப் போகிறோம். இந்தத் தடவை எனக்காக இல்லை. எங்க அப்பாவுக்கே இன்னும் சொல்லவில்லை. ஆண்டாள்ட்ட சொல்லிவிட்டேன். உன்னிடம் என்னவென்று சொல்ல மாட்டேன். நீ கேட்கவும் கூடாது.

அம்மா பெயர் மட்டும் தருகிறேன். நீ அந்தச் சத்தத்துக்குள்ளே போய் நிற்கும்போது சொல். வெளியே நின்று சொன்னாலும் சரி. உங்கம்மாவிடம் வேண்டாம், வட்டத்தில் வேண்டாம்.

பெத்தம்மாள்.

செல்வி


இராஜபாளையம்
29 செப்டம்பர் 2025

(போஸ்ட் கார்டு)

செல்வி,

சொல்லிவிட்டேன்.

பிரிசி